டிப்ஸை எங்கே வைப்பது: சோம்புத் தட்டிலா, பில்லிலா, கல்லா உண்டியலிலா?

போன மாதம் மதுரையில் ஒரு ஹோட்டலில் நாலு பேர் டிபன் சாப்பிட்டோம். பில் 640 ரூபாய். மேஜையில் ஒட்டியிருந்த கியூஆரை ஸ்கேன் செய்து பணம் கட்டிவிட்டு எழுந்துவிட்டோம். வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுக்கும்போதுதான், பரிமாறியவருக்கு ஒன்றும் வைக்காமல் வந்துவிட்டோம் என்பது உறைத்தது. மூன்று தடவை சாம்பார் கேட்டோம், குழந்தைக்கு வெந்நீர் கேட்டோம், இட்லியை மாற்றித் தரச் சொன்னோம். எல்லாவற்றையும் முகம் கோணாமல் செய்தவர் அவர். திரும்பிப் போகலாம் என்றால் நாலு பேரிடமும் ஒரு நோட்டு இல்லை.

எனக்கு இது வெறும் நாகரிக விஷயம் இல்லை. என் சித்தப்பா இதே ஊரில் 22 வருடம் சப்ளையர் வேலை பார்த்தவர். சென்னையில் சர்வர் என்பவரை எங்கள் பக்கம் சப்ளையர் என்போம். மாதச் சம்பளம் வீட்டு வாடகைக்கும் ஸ்கூல் ஃபீஸுக்கும் போய்விடும். காய்கறி, பால், பஸ் டிக்கெட் எல்லாம் அன்றன்று வரும் டிப்ஸில் ஓடியது. ராத்திரி பதினொன்றரைக்கு வந்து கைக்குட்டையை அவிழ்த்துச் சில்லறையை எண்ணுவார். அந்தச் சத்தத்தில் நாங்கள் எழுந்துவிடுவோம்.

டிப்ஸ் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் 'எவ்வளவு கொடுக்கலாம்' என்றுதான் கேட்கிறார்கள். அதைவிட 'எந்த வழியாகக் கொடுக்கிறோம்' என்பது பெரிய கேள்வி என்று நினைக்கிறேன். அதே 50 ரூபாயைத் தட்டில் வைத்தால் ஒருவருக்குப் போகும், பில்லில் சேர்த்தால் வேறொருவர் கைக்குப் போகும், உண்டியலில் போட்டால் பத்துப் பேருக்குப் பிரியும், அல்லது யாருக்கும் போகாமல் நின்றுவிடும். அதனால் வழிகளைத்தான் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். போன மாதச் சங்கடத்துக்குப் பிறகு சித்தப்பாவிடமும் உட்கார்ந்து விரிவாகக் கேட்டேன்.

முதலில் பழைய வழி, ரொக்கம். பில் வரும், சோம்புத் தட்டில் பணம் வைப்போம், மீதி வரும், அதில் கொஞ்சத்தை விட்டுவிட்டு எழுவோம். இந்த ஏற்பாட்டில் கல்லாவில் இருப்பவருக்கும் ஒரு பங்கு உண்டு என்பது சித்தப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். 60 ரூபாய் மீதி என்றால் ஒரு ஐம்பதும் ஒரு பத்துமாகத் தரமாட்டாராம். இருபது, இருபது, பத்து, பத்து என்று உடைத்துக் கொடுத்தனுப்புவாராம். ஐம்பது ரூபாய் நோட்டாக வந்தால் சாப்பிட வந்தவர் அதைப் பையில் போட்டுக்கொள்வார், பத்து ரூபாய் நோட்டுகளாக வந்தால் ஒன்றிரண்டு தட்டிலேயே தங்கும். நல்ல கேஷியர் இருக்கும் கடையில் சப்ளையர்கள் நிலைப்பார்கள் என்றார்.

ரொக்கத்தின் பலம் மிகத் தெளிவு. அன்றைக்கே முழுதாகக் கைக்கு வந்துவிடும். நடுவில் கணக்கு எழுதுகிறவர் யாரும் இல்லை. இதன் பலவீனத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்தப் பணம் பரிமாறியவரோடு நின்றுவிடுகிறது. நாம் ரசித்துச் சாப்பிட்ட ரோஸ்ட்டைக் கல்லில் ஊற்றிய மாஸ்டர், உள்ளே நீராவிக்குள் நின்று பாத்திரம் கழுவுகிறவர், நாம் எழுந்ததும் தட்டை எடுத்து மேஜையைத் துடைக்கிற பையன், இவர்கள் யாரும் நம் கண்ணில் படுவதில்லை. இன்றைக்குத் தமிழ்நாட்டு ஹோட்டல்களில் அந்த வேலைகளைச் செய்கிறவர்களில் பலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள். பாஷை தெரியாததால் வாடிக்கையாளரோடு ஒரு வார்த்தை பேசும் வாய்ப்பு இல்லை, அதனால் டிப்ஸும் இல்லை. சித்தப்பா காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது: ராத்திரி கடை மூடும்போது சப்ளையர்கள் தங்கள் வசூலில் கொஞ்சம் எடுத்து மேஜை துடைக்கும் பையனுக்குக் கொடுப்பார்கள். கொடுக்காத சப்ளையரின் மேஜை மெதுவாகத்தான் துடைக்கப்படும், அதனால் அடுத்த ஆள் உட்கார நேரமாகும். நியாயம் ஒரு பக்கம், பயன் ஒரு பக்கம் என்று அந்த வழக்கம் ஓடியிருக்கிறது.

இன்னொரு குறையும் உண்டு. எந்த மேஜை யாருக்கு என்பது சூப்பர்வைசர் கையில். ஏசி ஹாலில் குடும்பம் குடும்பமாக வருவார்கள், டிப்ஸ் கூட வரும். கை கழுவும் இடத்துக்குப் பக்கத்து மேஜைகளில் அவசரமாக ரெண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு ஓடுகிறவர்கள் உட்காருவார்கள். ஒரே உழைப்பு, வருமானம் வேறு. ஏசி ஹால் கிடைப்பதற்காகச் சூப்பர்வைசருக்கு டீ, சிகரெட் வாங்கித் தந்தவர்களும் இருந்தார்களாம்.

இவ்வளவு குறை இருந்தும், கையில் கொடுப்பதுதான் என் முதல் தேர்வு. தட்டில் வைத்துவிட்டுப் போவதைவிடக் கையில் கொடுப்பது நல்லது. தட்டை எடுப்பவர் எப்போதும் பரிமாறியவராகவே இருப்பதில்லை.

அடுத்தது யுபிஐ. மீதிச் சில்லறை என்ற ஒன்றே இப்போது இல்லாமல் போய்விட்டது. 640 ரூபாய் பில்லுக்குச் சரியாக 640 ரூபாய் போகிறது. முன்பு நாம் டிப்ஸ் கொடுக்க வேண்டும் என்று தனியாகத் தீர்மானிக்கவில்லை, மீதி வந்ததால் கொடுத்தோம். இப்போது நினைத்துக்கொண்டு கொடுத்தால்தான் உண்டு. அந்த மாற்றத்தின் முழு அடியும் விழுந்தது சப்ளையர்கள் மேல்தான். சித்தப்பா வேலையை விட்டதற்கு முழங்கால் வலி ஒரு காரணம். கடைசி மூன்று வருடங்களில் டிப்ஸ் பாதிக்கும் கீழே இறங்கியது இன்னொரு காரணம்.

யுபிஐயிலேயே டிப்ஸும் கொடுத்துவிடலாமே என்றால், அதில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பில் தொகையோடு சேர்த்து அனுப்புவது. 640க்குப் பதில் 700 போடுவது. இது போய்ச் சேரும் இடம் முதலாளியின் வங்கிக் கணக்கு. அங்கிருந்து அந்த 60 ரூபாய் மேஜைக்குத் திரும்பி வருமா என்பது அந்தக் கடையின் பழக்கத்தைப் பொறுத்தது. ராத்திரி கணக்கு முடிக்கும்போது கூடுதலாக வந்ததைப் பிரித்து ரொக்கமாகத் தரும் கடைகள் உண்டு. 'கலெக்‌ஷன் கூட வந்திருக்கு' என்று அதோடு விட்டுவிடும் கடைகளும் உண்டு.

பெரிய நட்சத்திர ஹோட்டல்களில் கார்டில் சேர்த்துக் கொடுக்கும் டிப்ஸை நிர்வாகம் வசூலித்து ஊழியர்களுக்குப் பிரித்துத் தருவது ரொம்ப நாளாக நடப்பதுதான். இதில் வருமான வரித்துறைக்கும் ஹோட்டல் நிறுவனங்களுக்கும் ஒரு வழக்கு நடந்து, 2016இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நிர்வாகத்தின் கை வழியாக வந்தாலும் டிப்ஸ் சம்பளம் ஆகாது, அது வாடிக்கையாளர் தன் விருப்பத்தில் கொடுப்பது, அதனால் சம்பளத்தில் பிடிப்பதுபோல் நிறுவனம் அதில் வரி பிடிக்க வேண்டியதில்லை என்பது அதன் சாரம். ஊழியருக்கு இது ஒரு வகையில் சாதகம்தான். ஆனால் அதற்கு மறுபக்கமும் இருக்கிறது. சம்பளம் இல்லை என்றால் பிஎஃப் கணக்கில் அது ஏறாது. இருபது வருடம் டிப்ஸில் குடும்பம் ஓட்டியவருக்கு ஓய்வு பெறும்போது கையில் வருவது அடிப்படைச் சம்பளத்தின் கணக்கில் உள்ளது மட்டும்தான். சித்தப்பாவுக்கு அப்படித்தான் ஆனது.

இரண்டாவது வழி, பரிமாறியவரின் சொந்த நம்பருக்கே அனுப்புவது. சில இடங்களில் சர்வர்களே தங்கள் போனில் கியூஆரைக் காட்டுகிறார்கள். பணம் நேராகப் போகிறது, நல்ல விஷயம். ஆனால் பல ஹோட்டல்களில் வேலை நேரத்தில் போன் வைத்துக்கொள்ள விடுவதில்லை, லாக்கரில் பூட்டிவிடுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் நாம் நல்லெண்ணத்தில் 'உங்க நம்பர் சொல்லுங்க தம்பி' என்று கேட்டால், பின்னால் சூப்பர்வைசர் நின்றுகொண்டிருப்பார், தம்பிக்கு வியர்த்துவிடும். அவராக முன்வந்து காட்டினால் மட்டும் அனுப்புங்கள். நாமாகக் கேட்பது அவர் வேலைக்கே இடைஞ்சலாகலாம்.

பில்லில் சேர்க்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், 'இதில் போட்டால் உங்களுக்கு வந்துவிடுமா?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவேன். வரும் கடையில் 'வந்துரும் சார், நைட்டே குடுத்துருவாங்க' என்று உடனே பதில் வரும். பதிலுக்கு ஒரு நொடி தாமதமானால் எனக்குப் புரிந்துவிடும்.

கல்லா மேல் வைக்கும் உண்டியல் மூன்றாவது வழி. டோக்கன் வாங்கி நாமே எடுத்துச் சாப்பிடும் கடைகள், சின்ன மெஸ்கள், காபி கடைகள் என்று இப்போது நிறைய இடத்தில் பார்க்கிறேன். பரிமாறுகிறவர் என்று தனியாக யாரும் இல்லாத இடத்தில் இதுதான் சரியான வழி. சமையல் கட்டில் இருப்பவருக்கும் பாத்திரம் கழுவுகிறவருக்கும் டிப்ஸ் போய்ச் சேர இருக்கும் ஒரே நடைமுறை வழியும் இதுதான். கொள்கை அளவில் பார்த்தால் ரொக்கத்தைவிட நியாயமானது என்றே சொல்வேன்.

எல்லாம் அந்த உண்டியலைத் திறக்கிறவரைப் பொறுத்தது. சித்தப்பா வேலை பார்த்த ஒரு கடையில், இனி யாரும் கையில் டிப்ஸ் வாங்கக் கூடாது, எல்லாம் பெட்டியில்தான் என்று திடீரென்று ஒரு விதி கொண்டுவந்தார்கள். எல்லோருக்கும் சமமாகப் பிரியும் என்று சொன்னார்கள். முதல் மாதம் பிரிந்தது. இரண்டாவது மாதம் உடைந்த டம்ளர், பீங்கான் தட்டுக் கணக்கைப் பெட்டிப் பணத்தில் கழித்தார்கள். மூன்றாவது மாதம் பெட்டியை யார் திறந்தார்கள் என்றே தெரியவில்லை. சித்தப்பாவும் இன்னும் இரண்டு பேரும் வேறு கடைக்குப் போனார்கள். அதைச் சொல்லும்போது இப்போதும் அவர் குரல் மாறுகிறது. தன் முகத்தைப் பார்த்துக் கொடுத்த காசில் தட்டுக்கு விலை பிடித்தது அவருக்கு ஆறவே இல்லை.

அதனால் உண்டியல் உள்ள கடையில் நான் பார்ப்பது இது. முதலாளியே கல்லாவில் உட்கார்ந்து, வேலையாட்களோடு கலகலப்பாகப் பேசிக்கொண்டிருக்கும் சின்னக் கடையா? போடுவேன். எப்போது பிரிக்கிறார்கள் என்று வேலையாளைக் கேட்டால் 'ஞாயித்துக்கிழமை' என்று பட்டென்று சொல்கிறாரா? நன்றாகவே போடுவேன். ஊர் முழுக்கக் கிளை உள்ள பெரிய கடையில், பரிமாறுகிறவரும் இருக்கும்போது பெட்டியும் இருந்தால், கையில்தான் கொடுப்பேன்.

நான்காவது, பில்லிலேயே அச்சடித்து வரும் சேவைக் கட்டணம். இதில்தான் மக்களுக்குக் குழப்பம் அதிகம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வருவதற்கு முன்பு பில்லில் சேவை வரி என்று ஒரு வரி இருந்தது. அது அரசாங்கத்துக்குப் போனது. சேவைக் கட்டணம் என்பது வரியே இல்லை, ஹோட்டலே போட்டுக்கொள்வது. பெயர் ஒற்றுமையால் இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் பலர் கேள்வி கேட்காமல் கட்டினார்கள், இன்றும் கட்டுகிறார்கள்.

2022 ஜூலை 4ஆம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்கு வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது. சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயர் சூட்டியும் வசூலிக்கக் கூடாது, கட்ட மறுக்கிறார் என்பதற்காக யாரையும் உள்ளே விடாமல் இருக்கக் கூடாது, உணவுத் தொகையோடு சேர்த்து மொத்தத்துக்கும் ஜிஎஸ்டி போடக் கூடாது என்று அதில் இருக்கிறது. உணவக உரிமையாளர் சங்கங்கள் தில்லி உயர் நீதிமன்றம் போனார்கள். அந்த மாதமே இடைக்காலத் தடை கிடைத்தது. 2025 மார்ச் 28ஆம் தேதி, அந்த நெறிமுறைகள் செல்லும் என்று தனி நீதிபதி தீர்ப்பளித்து, வழக்குப் போட்ட சங்கங்கள் தலா ஒரு லட்சம் ரூபாய் செலவுத் தொகை கட்ட வேண்டும் என்றும் சொன்னார்.

கணக்கைப் பாருங்கள். 2,000 ரூபாய்க்குச் சாப்பிட்டால் 5 சதவீத ஜிஎஸ்டியோடு 2,100 ரூபாய். உணவுத் தொகையில் 10 சதவீதச் சேவைக் கட்டணம் சேர்த்து மொத்தத்துக்கும் ஜிஎஸ்டி போட்டால் 2,310 ரூபாய். நாம் கூடுதலாகக் கொடுப்பது 210 ரூபாய், அதில் 10 ரூபாய் வரியாகவே போய்விடுகிறது. மீதி 200 ரூபாயில் பரிமாறியவருக்கு எவ்வளவு என்பதை நம்மிடம் யாரும் சொல்வதில்லை. அந்த நெறிமுறைகள் வாடிக்கையாளரைக் காப்பதற்காக எழுதப்பட்டவை. ஊழியர்களுக்கு எப்படிப் பிரிக்க வேண்டும் என்பது அவற்றின் வேலை இல்லை. இங்கிலாந்தில் 2024 அக்டோபர் 1 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. டிப்ஸும் சேவைக் கட்டணமும் எந்தப் பிடித்தமும் இல்லாமல் முழுதாக ஊழியர்களுக்குப் போக வேண்டும், நியாயமாகப் பிரிக்க வேண்டும், பிரித்ததற்குக் கணக்கு இருக்க வேண்டும். அப்படி ஒரு ஏற்பாடு இருந்தால் நான்கு வழிகளிலும் சேவைக் கட்டணத்தையே முதலிடத்தில் வைப்பேன். சமையல்காரரும் பாத்திரம் கழுவுகிறவரும் அப்போது பங்கு பெறுவார்கள். இன்றைய நிலையில் அதைக் கடைசியில்தான் வைக்க முடிகிறது.

பில்லில் அது இருந்தால் நீக்கச் சொல்லலாம். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. ஆனால் ஒரு வேண்டுகோள். அந்தப் பேச்சை மேனேஜரிடம் வைத்துக்கொள்ளுங்கள், பில் கொண்டுவந்த பையனிடம் வேண்டாம். அவர் போட்ட கட்டணம் இல்லை அது. 200 ரூபாயை நீக்க வைத்த பிறகு, நன்றாகப் பரிமாறியிருந்தால், அதில் பாதியையாவது அவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். நீக்கச் சொல்லிவிட்டு ஒன்றும் வைக்காமல் எழுந்து போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நுகர்வோர் உரிமை வென்றது, எட்டு மணி நேரம் நின்றவர் தோற்றார்.

சரி, கொடுக்காமலே இருந்தால் என்ன? அதையும் ஒரு வழியாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் கொடுக்காமல் வருவது கிட்டத்தட்டச் சம்பளத்தைப் பிடிப்பதற்குச் சமம். அங்கே கூட்டரசு சட்டப்படி குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர், ஆனால் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி 2.13 டாலர் கொடுத்தால் போதும், மீதியை டிப்ஸ் நிரப்பும் என்பது கணக்கு. நிரம்பாவிட்டால்தான் முதலாளி ஈடு செய்ய வேண்டும். 1991இலிருந்து அந்த 2.13 மாறவில்லை. கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்கள் மட்டும் முழு ஊதியத்தையும் முதலாளியே தர வேண்டும் என்று வைத்திருக்கின்றன. பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் நம் பெற்றோர்கள் 18, 20 சதவீதம் என்றதும் அதிர்ந்து போகிறார்கள். அது அங்கே கூலியின் பகுதி என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். ஜப்பானில் நேர்மாறு, வைத்துவிட்டு வந்தால் மறந்து விட்டீர்கள் என்று பின்னாலேயே கொண்டுவந்து கொடுப்பார்கள். சிங்கப்பூரில் பெரிய உணவகங்களின் பில்லில் 10 சதவீதச் சேவைக் கட்டணம் இருக்கும், அதற்கு மேல் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

நம் ஊரில் டிப்ஸைக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்கச் சட்டம் இடம் தரவில்லை. ஹோட்டல் வேலையும் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிக்கப்பட்ட வேலைகளில் ஒன்றுதான். அதனால் கொடுக்காதவரை யாரும் குறை சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. கையில் கணக்காகப் பணம் வைத்துக்கொண்டு ஒரு சாப்பாடு சாப்பிட வருகிறவர்களும் உண்டு. சித்தப்பா அவர்களைப் பற்றிச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. வெயிலில் அலைந்துவிட்டு வந்து மீல்ஸ் சாப்பிடும் மூட்டை தூக்குகிறவரிடம் டிப்ஸ் எதிர்பார்த்ததே இல்லையாம், ரெண்டாவது சோறு கேட்பதற்கு முன்பே கொண்டுபோய் வைப்பாராம். நான் சொல்வதெல்லாம் 640 ரூபாய்க்கு டிபன் சாப்பிட முடிகிறவர்களுக்கு.

தொகையில் எனக்குச் சதவீதக் கணக்கு பிடிக்காது. ரெண்டு இட்லி ஒரு காபி கொண்டுவரவும், ரோஸ்ட் கொண்டுவரவும் அவர் நடக்கிற நடை ஒன்றுதான். டிபன் கடையில் ஆளுக்குப் பத்து ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன், நாலு பேர் போனால் நாற்பது. மீல்ஸ் என்றால் இருபது, சோறு, குழம்பு, ரசம், மோர் என்று எத்தனை தடவை வருகிறார்! ஏசி உணவகத்தில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகும்போது மட்டும் 5 முதல் 10 சதவீதம் வரை பார்க்கிறேன். குழந்தைகள் சிந்திய மேஜை என்றால் துடைக்க வரும் பையனைக் கூப்பிட்டுத் தனியாகப் பத்து ரூபாய். அவர் திகைப்பார், வாங்கிக்கொள்வார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். ஆப்பில் போடுவதைவிட, மழையில் நனைந்து வந்தவர் கையில் இருபது ரூபாய் கொடுப்பது எனக்கு மனசுக்குச் சரியாகப் படுகிறது.

இதற்கெல்லாம் சில்லறை வேண்டுமே! அதுதான் இப்போது பெரும்பாடு. பத்து ரூபாய் நோட்டு கிடைப்பதில்லை. பத்து ரூபாய் நாணயம் செல்லும் என்று ரிசர்வ் வங்கி எத்தனை முறை சொன்னாலும் நம் ஊர்க் கடைகளில் பலர் அதை வாங்குவதில்லை, அதை டிப்ஸாகக் கொடுத்தால் அவர் தலையில் கட்டியதுபோல் ஆகிவிடும். இப்போது மாதம் ஒரு தடவை வங்கியில் 500 ரூபாய்க்கு இருபது ரூபாய் நோட்டாக மாற்றி, வண்டியில் ஆர்சி புத்தகத்தோடு வைத்திருக்கிறேன். போன வாரம் அந்த மதுரைக் கடைக்கு மறுபடி போனேன். அவருக்கு அன்றைக்கு லீவு. புதன்கிழமைதான் வருவாராம்.